பாரமெடுத்த ஐஸ் ஆலை

சல்லி என்ற மீனவ ஊரில் ஐஸ் ஆலை கட்டி முடித்துப் பதினாலு மாதமாகிறது. திறப்பு விழாப் படம் பத்திரிகையில் வந்தது. பெயர்க்கல் பளபளவென்று நிற்கிறது. பூட்டுப் போட்ட இரும்புக் கேற் ஒன்று நிற்கிறது. கேற்றுக்குக் காவலாக முருகேசு இருக்கிறார். இல்லாதது ஆலை மட்டும்தான்.

கேற்றுக்கு இரண்டு பக்கமும் மதில்கூடக் கிடையாது. பின்னால் வெறும் மணலும் நாலைந்து எருக்கலம் பற்றையும். விழாவுக்கு வந்த பெரியவர் கேற்றில் கட்டியிருந்த நாடாவை வெட்டினார், இளநீர் குடித்தார், கேற்றுக்கு அங்கால் ஓரடிகூட வைக்காமல் வாகனத்தில் ஏறிப் போனார். கட்டடம் அடுத்த மாதம் வரும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், ஏதோ பஸ் வரப்போவதைப்போல. எந்தத் திணைக்களம், எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லப்போய் வீண் வம்பை விலைக்கு வாங்குவானேன்?

முருகேசு ஒருகாலத்தில் நல்ல கடலோடி. வள்ளத்து இஞ்சின் காலில் விழுந்து முட்டி உடைந்த பிறகு கடல் அவருக்கு இல்லையென்று போயிற்று. காவல் வேலை கிடைத்தபோது அம்மனே தந்தது என்று வாங்கிக்கொண்டார். முதல்நாளே, பொறுப்பேற்றதற்கு என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். 'ஐஸ் ஆலை ஒன்று, நல்ல நிலையில் பாரமெடுத்தேன்' என்று அதில் இருந்தது. அடுத்த மாதம் வரப்போகிற ஆலைதானே, இப்போதே கையெழுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று வைத்தார். அன்றையிலிருந்து காலை எட்டு மணிக்குக் கேற்றைத் திறப்பார், மாலை ஐந்துக்குப் பூட்டுவார். ஊரெல்லாம் கேற்றைச் சுற்றி நடக்கும்போது அவர் மட்டும் கேற்றுக்குள்ளால் போய்வந்தார். வேலையென்றால் வேலைதானே. பூட்டியதும் பதிவுப் புத்தகத்தில், 'ஆலை பரிசோதிக்கப்பட்டது. பிரச்சினை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இருக்க ஒரு கதிரை கேட்டதற்கு மட்டும் கடிதம் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே வீட்டிலிருந்த நாலு நீலப் பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு வீட்டுக்கு மூன்று பேர் வந்தால் அவருடைய மனைவி வள்ளியம்மா நின்றுகொண்டுதான் கதைக்க வேண்டும். அந்தக் கோபம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்படியே இருந்திருந்தால் முருகேசு வாயைத் திறந்திருக்கவே மாட்டார். அந்தச் சூடை மீன் வந்து காரியத்தைக் கெடுத்தது. ஒருநாள் வலை கிழியுமளவுக்குச் சூடை பட்டது. வள்ளியம்மா இருந்த காசையெல்லாம் போட்டு விற்பதற்கு இரண்டு கூடை எடுத்தாள். ரவுணிலிருந்து வரவேண்டிய ஐஸ் வண்டி வரவில்லை. மத்தியானத்துக்குள் மீன் நாறிவிட்டது. அவள் மணலைத் தோண்டி மீனைப் புதைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்து அழுதாள். அன்று பின்னேரம் கம்பனியிலிருந்து முருகேசுவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆலை இன்றிலிருந்து இயங்குகிறது, தினமும் இரண்டு தொன் ஐஸ் மீனவருக்கு வழங்கியதாகப் பதிவு செய்யவும் என்று எழுதி, பெயர்ப்பட்டியலும் இணைத்திருந்தார்கள். முதல் பெயர் வள்ளியம்மா.

முருகேசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொப்பித் தாளைக் கிழித்துத் திணைக்களத்துக்கு எழுதினார். 'இங்கே ஆலை இல்லை. ஒருநாளும் இருந்ததும் இல்லை.' கீழே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

கடிதம் போய் மூன்றாம் கிழமை திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு ஜவ்பர் என்ற அதிகாரி வந்தார். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருக்கிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத, கோப்பைக் கண்டால் மட்டும் நடுங்குகிற மனிதர். இரண்டு பக்கமும் வெளி கிடக்க, முருகேசு வந்து பூட்டைத் திறக்கும்வரை வாகனத்தோடு கேற்றடியிலேயே காத்துநின்றார். உள்ளே வந்து அந்த ஒற்றைக் கதிரையில் இருந்து கோப்பை விரித்தார். வள்ளங்களில் நின்ற ஆட்களும் புதினம் பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"முருகேசு அண்ணே, நீங்க எழுதினது உண்மைதான். நான் கண்ணால பாக்கிறன். ஆலை இல்ல."

முருகேசுவின் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"அப்ப ஆலைய என்ன செஞ்சீங்க?" என்றார் ஜவ்பர்.

"நானோ?"

"நல்ல நிலையில பாரமெடுத்ததா ஒங்கட கையெழுத்து இருக்கு. நானூறு நாளுக்கு மேல, பரிசோதிச்சன், பிரச்சினை இல்ல எண்டும் ஒங்கட கையெழுத்து. கடைசியா ஆலை இல்ல எண்டதும் நீங்கதான். இடையில பூட்டுட திறப்பு வேற யார்ட கையிலயும் இருக்கல்ல."

"ஐயா, ஒரு ஐஸ் ஆலையை நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

"அதத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கு."

கூடிநின்றவர்கள் ஒரே குரலில், அந்த மணலில் ஒரு கல்கூட எவரும் வைக்கவில்லை என்றார்கள். ஜவ்பர் கையை உயர்த்தினார். "நீங்க ஆரும் பாரமெடுத்த ஆக்கள் இல்ல. ஒங்கட சாட்சிய எழுத இதில எடமில்ல."

பிறகு கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, முருகேசு அரச ஆலையைக் களவாடினார் என்று பொலிசுக்கு. மற்றது முருகேசு எழுதித் தரவேண்டியது. ஆலை உண்டு, பார்வைக் குறைவால் தவறாக எழுதிவிட்டேன், முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன். அதில் ஒப்பமிட்டால் வேலை போகாது, நிரந்தரமாகவும் ஆகலாம். "ரெண்டில ஒண்டு, அண்ணே. பின்னேரத்துக்குள்ள நான் அறிக்கை குடுக்கணும்" என்று ஜவ்பர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்த வயதில் மறியலில் அடைபடுவதா? அதிலும் ஐஸ் ஆலையைக் களவெடுத்தவன் என்று ஊர் உள்ளவரை சொல்வார்களே! பேனையை வாங்கி இரண்டாவது தாளின் பக்கம் குனிந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த வள்ளியம்மா கேற்றடியில் நின்று கேட்டாள். "இஞ்சேருங்கோ, அதில கையெழுத்து வைச்சா நாளைக்கும் நான் ஐஸ் வாங்கினதெண்டு எழுதுவியளோ?"

பேனை தாளைத் தொட்டுவிட்டது.

"தராத ஐஸுக்கு என்ர பேர் வேண்டாம். நான் புதைச்ச மீனுக்கு ஆர் பதில்?"

முருகேசு நிமிர்ந்தார். மணலை ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, நான் இதில கையெழுத்து வைச்சா ஆலை இருக்குத்தானே?"

"ஓம். கோப்பில படமே இருக்கு."

"இப்ப, இந்த நேரம், இருக்கோ?"

"இருக்கு, அண்ணே. வைங்க கையெழுத்த."

"நல்லது. எனக்குக் கால் ஏலாது, வேலையை விடுறன். ஆலையை நீங்களே பாரமெடுங்கோ." பதிவுப் புத்தகத்தின் பின்னால் செருகிக் கிடந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தார். 'ஐஸ் ஆலை ஒன்று, நல்ல நிலையில் பாரமெடுத்தேன்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். கீழே ஜவ்பரின் பெயருக்கு இடம் விட்டு, மூடிய பேனையையும் திறப்பையும் சேர்த்து நீட்டினார்.

ஜவ்பர் பழக்கதோஷத்தில் பேனையைத் திறந்துவிட்டார். தாளைப் பார்த்தார், எருக்கலம் பற்றையைப் பார்த்தார். நாளைக்கு எவனாவது ஒரு கோப்போடு வந்து, ஆலையை என்ன செய்தீர் என்று தன்னைக் கேட்கும் காட்சி அவர் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். பேனையை மூடினார்.

"இதில நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற? இங்க ஒண்டுமே இல்லையே!"

"அதைத்தான் ஐயா நானும் எழுதினனான்."

வள்ளக்காரர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. ஜவ்பர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்த இரண்டு தாள்களையும் கோப்பின் அடியில் தள்ளிவிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். எழுந்து வளவைச் சுற்றி நடந்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். இரும்புக் கேற் ஒன்று. பூட்டு ஒன்று. திறப்பு ஒன்று. பெயர்க்கல் ஒன்று. ஆலை இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை. இருவரும் ஒப்பமிட்டார்கள். அந்த மணலைப் பற்றி அரசாங்கம் எழுதிய முதலாவது உண்மை அதுதான். காவல் காக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு காவலாளிக்கும் அங்கே வேலையில்லை. அது முருகேசுவுக்குத் தெரியும். நாளையை நினைக்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதினாலு மாதத்தில் அன்றுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

திறப்பைக் கொடுத்துவிட்டுக் கதிரையைத் தூக்கினார்.

"அத வைங்க, அண்ணே" என்றார் ஜவ்பர். "கதிரை ஒண்டு, நீலம். அதையும் எழுதிட்டன்."

"ஐயா, அது என்ர கதிரை!"

"வளவுக்குள்ள இருக்கிறதெல்லாம் அரசாங்கத்துட. ஒப்பமிட்ட படிவத்தில வெட்டித் திருத்த ஏலாது."

"மற்ற மூண்டும் வீட்டில கிடக்கு, வந்து பாருங்கோ!" என்று வள்ளியம்மா கேற்றடியிலிருந்து கத்தினாள்.

ஜவ்பர் உண்மையாகவே வருந்தினார். "நான் என்ன செய்ய, தங்கச்சி? பிழையெண்டா ஒரு முறைப்பாடு எழுதித் தரச் சொல்லுங்க. விசாரிப்பம்."

முருகேசு வள்ளியம்மாவைப் பார்த்தார். எழுதுங்கோ என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் ஜவ்பரிடமே பேனையைக் கேட்டு வாங்கினார். எழுதுவதற்கு வசதியாக அந்தக் கதிரையிலேயே போய் இருந்தார்.