படமில்லாத முள்ளெலி

பிக்கூ என்ற முள்ளெலிக்கு எண்பது வயதானதை எங்கள் ஊர் கொண்டாட முடிவு செய்தது. மாலுமித் தொப்பியுடன் சரக்குப் படகு ஓட்டும் அந்தக் கார்ட்டூன் பிராணியைத் தெரியாத குழந்தை பெல்ஜியத்தில் கிடையாது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பெரியவர்தான் அபூர்வம். வரைந்தவர் மியூஸ் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் பிறந்தவர். ஆகவே, பிக்கூவின் கதையைச் சொல்லும் சிறந்த வரலாற்று நூலுக்கு ஒரு பரிசு. தேர்ந்தெடுக்க மூன்று பேர்: தலைவராக ஓய்வுபெற்ற நோட்டரி கிஸ்லான், ஓவியக் கூடம் நடத்தும் ஒடில், பத்திரிகைக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக நான். மூவரும் கையெழுத்திட்டால்தான் முடிவு செல்லும்.

நான்கு புத்தகங்கள் வந்தன. ஒன்று பிக்கூ பொம்மைகளின் ஏல விலைகளைத் தொகுத்து, முன்னால் ஒரு பக்கம் ஒட்டி, வரலாறு என்று பெயர் வைத்துக்கொண்டது. இன்னொன்று ஒரு பேராசிரியருடையது. முட்கள் தந்தையின் அதிகாரத்தைக் குறிக்கின்றனவாம். அவர் ஒரு தொகுதியையாவது முழுதாகப் படித்திருந்தால், பிக்கூவின் அப்பா முள்ளே இல்லாத மொட்டை என்பது தெரிந்திருக்கும்.

மிஞ்சியவை இரண்டு. இப்படிப்பட்ட புத்தகங்களை எடைபோட எனக்கு ஒரே வழிதான் உண்டு: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இங்கே ஆண்ட நான்கு ஆண்டுகளை நேராகப் புரட்டிப் பார்ப்பேன். அந்த ஆண்டுகளில் பிக்கூ தினமும் வெளிவந்தது அவர்கள் நடத்திய நாளிதழில்.

பிக்கூவின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனமே வெளியிட்ட புத்தகம் கனமானது, பளபளப்பானது. அந்த நான்கு ஆண்டுகளுக்கு அதில் ஒரு வரி: 'அது கடினமான காலம்.' பக்கத்தில் ஓவியர் தன் தோட்டத்தில் வெங்காயப் பாத்திக்கு நீர் ஊற்றும் புகைப்படம்.

நான்காவதை எழுதியவர் ரெனில்ட், லியேஜில் பல் மருத்துவர். அதே நான்கு ஆண்டுகளுக்கு அவர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்த நிறுவனம், ஒரு படத்தைக்கூட அச்சிட அனுமதி தரவில்லை. எனவே படம் வரவேண்டிய இடங்களில் வெறும் கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும், அதில் என்ன இருந்தது என்று இரண்டு வரி. ஒரு கட்டத்தில், கொக்கி மூக்குடன் பிக்கூவை ஏமாற்றும் யூத வியாபாரி. போருக்குப் பின் மூக்கைச் சீவி, அவனை இங்கிலாந்து வங்கிக்காரனாக்கிய கதையும் அங்கே இருந்தது. புத்தகம் விற்கவில்லை. மீதிப் பிரதிகள் மாதக் கடைசியில் கூழாக்கும் ஆலைக்குப் போகும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார்.

"படமே இல்லாத பொம்மைப் புத்தகம்," என்றார் கிஸ்லான். "விருந்துக்குக் கூப்பிட்டு, அவிச்ச சிப்பியே இல்லாம வெறும் சட்டிய மட்டும் மேசையில வைக்கிற மாதிரி."

"அனுமதி குடுக்கல, அதான் இல்ல," என்றேன்.

"குடுக்காததுக்கு ஏதோ காரணம் இருக்கும்ல?"

"காரணம் அந்த அத்தியாயத்துலேயே இருக்கு. படிச்சீங்களா?"

"புரட்டினேன்."

ஒடில் பளபளப்பான புத்தகத்தைத் தடவியபடி என் பக்கம் திரும்பினார். "தாளைத் தொட்டுப் பாருங்க தியெரி. வெண்ணெய் மாதிரி இருக்கு."

"இங்க பாருப்பா," என்றார் கிஸ்லான். "விழாவுக்குக் காத்தடைச்ச பெரிய பிக்கூவ ஆத்தங்கரையில நிறுத்தறேன்னு நிறுவனம் சொல்லியிருக்கு. அந்தப் பல் டாக்டருக்குப் பரிசு போனா அது வராது. நீ இதுல கையெழுத்துப் போடு. அந்தம்மாவுக்கு ஒரு சிறப்புப் பாராட்டு குடுத்துடலாம்."

சிறப்புப் பாராட்டு கிடைத்தால் புத்தகம் கொஞ்சம் விற்கும், பிரதிகளைக் கூழாக்க மாட்டார்கள். நடைபாதைக்கு வந்து, விதிகளுக்கு முரணாக, ரெனில்டைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதல் பரிசு யாருக்கு?"

"நிறுவனத்தோட புத்தகத்துக்கு."

"நீங்க அதை நல்ல வரலாறுன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா என்னுது பிழைக்கும். அப்படித்தானே?"

"ஆமா."

"பல்லு சொத்தைன்னு நான் எழுதறேன். அந்த வாயில பல்லே இல்லன்னு எழுதினவனுக்குப் பரிசு, எனக்கு ஆறுதல். வேண்டாம், ஆலைக்கே போகட்டும். முட்டைத் தட்டாவது ஆகும். எதையாவது உடையாம வச்சிருக்கும்."

அவருக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. "நோயாளி இருக்காங்க," என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். கிஸ்லான் தாளை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தொடவில்லை.

"பேனா எழுதலையா?"

"நல்லா எழுதுது."

அந்த ஆண்டு தகுதியான நூல் எதுவும் வரவில்லை என்று அறிவித்தார்கள். ரெனில்டின் பிரதிகள் சொன்னபடியே ஆலைக்குப் போயின. காற்றடைத்த முள்ளெலியும் தவறாமல் வந்தது. இலவச விளம்பரத்தை விட்டுவிட நிறுவனம் ஒன்றும் ரோஷக்காரனில்லை.

விழா நாளன்று ரெனில்ட் வந்திருந்தார், கையில் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்துடன். நிமிர்ந்து பிக்கூவைப் பார்த்தார்.

"நல்லா ஊதியிருக்காங்க," என்றார்.

மேடையில் கிஸ்லான் ஓவியரின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறப்பு, பள்ளி, முதல் படம். பிறகு, "அது கடினமான காலம்," என்று சொல்லி, தண்ணீர் குடித்து, விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் போய்விட்டார். கூட்டம் கைதட்டியது.

"வெங்காயப் பாத்தி," என்றார் ரெனில்ட். என் பக்கம் பொட்டலத்தை நீட்டினார். "எடுத்துக்குங்க, ஆறிடும்."