முப்பத்து மூன்றாவது மணி

என் புருஷன் றிஸ்வி பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பதினெட்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒரு நாள் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் மடவளையிலிருந்து கண்டிக்கு ஓடும் பளீல் ஹாஜியாரின் பஸ்ஸுக்கு டிரைவர். அந்த டிசம்பர் குளிரில் அவருடைய கால்விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, தொட்டால் ஐஸ் கட்டியாக இருந்தன. தைலம் தேய்த்தேன். இஞ்சி அவித்த நீரில் காலை வைக்கச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு ரபீகா தாத்தா, கண்டியில் சீன வைத்தியம் படித்த சிங்கள டொக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்.

ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அவருடைய இடம். டொக்டர் இவருடைய இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல்களை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கால் வழியாகக் குளிர் உள்ளே புகுந்து வழியை அடைத்துவிட்டது, இரத்தமும் சக்தியும் விரல்நுனிவரை போகவில்லை, சூடு கொடுத்து வழியைத் திறக்க வேண்டும் என்றார். கணுக்காலிலும் விரல்களுக்கு நடுவிலும் ஊசி குத்தினார். வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் இவர் முகத்தைச் சுளித்து ஆமாம் என்றார். இரத்தத்தில் சீனி பார்க்கவும் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டு இவருடைய சட்டைப் பையோடு துவைபட்டுப் போனது.

வீட்டில் செய்ய ஒரு மூலிகைச் சுருட்டும் தந்தார். அதைப் பற்றவைத்து, தோலில் படாமல், விரலுக்கு மேலே ஒரு அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

"சூடு என்று அவர் சொன்னதும் எடுத்துவிடுங்கள்," என்று டொக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். "சூடு தெரியவில்லை என்றால் இதைச் செய்யவே கூடாது. உடனே இங்கே கூட்டி வாருங்கள்."

முதல் நாள் மாலை இவர், "மொதல்ல ஒன்ட கால்ல வெச்சிப் பாரு, எவ்வளவு நேரத்தில சுடுதெண்டு பாப்பம்," என்றார். என் மேல் என்ன கரிசனம் என்று நினைத்தேன். என் பெருவிரலுக்கு மேலே பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் சுரீரென்றது, காலை இழுத்துக்கொண்டேன். இவர் பக்கத்தில் தஸ்பீஹ் மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு தினமும் மஃரிப் முடிந்ததும் எங்கள் வைத்தியம் நடந்தது. இவர் கதிரையில் சாய்ந்து, காலை என் மடியில் போட்டு, கண்ணை மூடி, அல்லாஹ்வின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ர் ஓதுவார். மணி உருளும். சரியான நேரத்தில், "போதும் பாயிஸா, சூடு," என்பார். நான் அடுத்த விரலுக்குப் போவேன். இரண்டு வாரத்தில் கால் கொஞ்சம் சிவந்து வருவதாகக்கூட எனக்குத் தோன்றியது. ஆசை கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா.

அந்த மாலையில் மகள் அனீஸா கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து ஏதோ கேட்டாள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சுருட்டு அணைந்துபோயிருந்தது. மறுபடி பற்றவைக்கலாம் என்று நான் நெருப்புப் பெட்டியைத் தேடுகிறேன்.

"போதும் பாயிஸா, சூடு," என்றார்.

சுருட்டின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் ஆறிக் கிடந்தது. நான் அந்த அணைந்த சுருட்டையே அடுத்த விரலுக்கு மேலே பிடித்தேன். இந்த முறை மணியை எண்ணினேன். முப்பத்து மூன்றாவது மணி உருண்டதும், "சூடு," என்றார். முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அவருடைய பெருவிரலில் குத்தினேன். இரத்தம் துளிர்த்தது. மணி நிற்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று என் காலில் சுட்ட நேரத்தை மணியில் எண்ணி வைத்துக்கொண்டு, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறார்.

"கண்ணத் தொறந்து பாருங்க, இது என்னது?"

ஊசியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"எப்ப இருந்து இப்பிடி ஈக்கு?"

"நோம்புக்கு முந்தியே."

அனீஸாவை அடுப்படிக்கு அனுப்பினேன். "அப்ப பிரேக்க எப்பிடி மிதிக்கிறீங்க?"

"முழங்காலுக்குத் தெரியும். இருவது வருசப் பழக்கம்."

"போன மாசம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில வேன்ட பின்னுக்கு முட்டினதும் பழக்கத்திலயா?"

அன்று பிரேக் சரியில்லை என்று சொன்னவர் இவர்.

"டொக்டர்ட்ட ஏன் சொல்லல்ல?"

"பக்கத்துக் கட்டில்ல ஊசி குத்திட்டுப் படுத்தீந்தது ஆரு? ஹாஜியார்ட மச்சான். அவன்ட காதில விழுந்தா அடுத்த நாளே பஸ் வேற ஆள்ட கையில. வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர் இப்போது சிறு பிள்ளை போல அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த பஸ்ஸில்தான் என் மகள் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள்.

"நாளைக்கி பஸ்ஸில ஏறாதீங்க. டொக்டர்ட்ட போவம்."

"சரி," என்றார்.

காலையில் நான் இடியப்பம் அவித்துவிட்டு வந்து பார்த்தபோது அவரும் இல்லை, அனீஸாவும் இல்லை.

சந்திக்கு ஓடினேன். பஸ் நிரம்பி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் வெள்ளைச் சீருடையில் என் பிள்ளை. டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எறங்குங்க," என்றேன்.

"வீட்டுக்குப் போ பாயிஸா."

கண்டக்டர் அழகமுத்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, என்ன பிரச்சனை?"

அவனிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். சத்தம்தான் வந்தது.

"இவருக்குக் கால்ல உணர்ச்சி இல்ல தம்பி. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இவர் ஓட்டினா எல்லாரும் ஆத்துக்குள்ளதான்."

பஸ் முழுவதும் கேட்டது. அனீஸா முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டாள். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து, கீழே குனிந்து படி எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். வீட்டுப் பக்கம் நடந்தார்.

வலது செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வெறுங்காலோடு சரளைக் கல்லை மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். குதிகாலில் இரத்தம்.

"இங்க பாருங்க, செருப்பு."

நின்றார். என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலை வெகுநேரம் பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

"டொக்டர் எத்தின மணிக்கு வருவாரு?" என்று கேட்டார்.