பேசுகிற செவிடன்

முதல் அடி, கூப்பிட்டும் நிற்காமல் நடந்ததற்கு. இரண்டாவது அடி, திரும்பிப் பார்த்து, "எனக்குக் காது கேக்காதுய்யா" என்று பாஸ்கல் சொன்னதற்கு. "இம்புட்டுப் பேச்சு பேசுத, காது மட்டும் கேக்காதோ?" என்று கான்ஸ்டபிள் செல்வதுரை இறக்கிய அந்த இரண்டாவது லத்தியடியில்தான் இடது மணிக்கட்டு முறிந்தது. எந்தக் காவல் நிலையம் என்று பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னால் வெட்கப்படவா போகிறது?

பாஸ்கலின் மனைவி பிளாரன்ஸ் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். அவர் மேலிடத்துக்கு மனு எழுதினார். மேலிடம் இரண்டு மாதம் தலையைச் சொறிந்துவிட்டு, ஊனமுற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் ஒருநாள் வகுப்பு நடத்த உத்தரவு போட்டது. அடித்தவனுக்குத் தண்டனை இல்லை, டீயும் பிஸ்கட்டும். எழுபத்தேழாம் வருஷத்தில் இவ்வளவு நடப்பதே பெரிசு என்றார் சாமியார்.

பிளாரன்சுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள். கைக்கட்டைப் பிரித்தாயிற்று, திங்கட்கிழமை பாஸ்கல் வேலைக்குப் போக வேண்டும். துறைமுகத்தில், கப்பலுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும் வடத்தை முங்கி அறுக்கிற வேலை. அதற்குப் போகிற ரோடு ஒன்றுதான், அந்த ரோட்டில் நிற்பவர்களும் இதே ஆட்கள்தான். பேசுகிறவனுக்கும் காது கேட்காமல் இருக்கலாம் என்ற ஒரே ஒரு விஷயம் இந்த மண்டைகளில் ஏறினால் போதும், மிச்ச எலும்பாவது தப்பும்.

வகுப்பு மில்லர்புரத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். இருபது போலீசும் பத்துத் தீயணைப்புக்காரர்களும் கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்த மதராஸிலிருந்து ஜெயசிங் என்றொரு நிபுணர் வந்திருந்தார். பூர்வீகம் பக்கத்து ஊர் நாசரேத். வெளிநாட்டில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தவர்; அந்த மூன்று வாரத்தைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். மேடையில் ஒரு நாற்காலி போட்டுப் பாஸ்கலை உட்கார வைத்திருந்தார்கள். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'இந்தக் கேஸ்' என்று சொல்லும்போதெல்லாம் நிபுணர் கையிலிருந்த குச்சியால் அவனைக் காட்டினார்.

"செவிடர்களுக்குப் பேச்சு வராது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். சரளமாகப் பதில் சொன்னால் அவன் செவிடன் இல்லை, ஏமாற்றுக்காரன்" என்றார் ஜெயசிங்.

முன்வரிசையில் இருந்த செல்வதுரை இதை நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டுக்கொண்டான். பிறகு பிளாரன்சைத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, பொறவிச் செவிடுக்குத்தான் நீங்க சொல்லுதது சரி. இவுக சங்கு குளிச்சவுக. இருவத்தஞ்சு வயசு வரைக்கும் நல்லாக் கேட்டுது. ஆழத்துல முங்கி முங்கிச் செவிப்பறை கிழிஞ்சு போச்சு. காது போனா, படிச்ச பேச்சு எங்க போவும்? எங்க தெருவுல மட்டும் ஏழு பேரு இப்டி இருக்காக."

"கேள்வியெல்லாம் கடைசியில், அம்மா" என்றார் நிபுணர். ஆனால் முப்பது பேருக்கு முன்னால் ஒரு பொம்பளை தப்பு என்று சொன்னது அவரை உறுத்திவிட்டது. பூட்ஸ் தடதடக்க நடந்துபோய்ப் பாஸ்கலின் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார். பாஸ்கல் திரும்பிப் பார்த்தான். மண்டபம் சிரித்தது.

"பலகை மேடைல்லா ஐயா. நீங்க பூட்ஸ் காலோட வந்தா நாற்காலி அதிரும்" என்றாள் பிளாரன்ஸ்.

"எனக்கே சொல்லித் தருகிறீர்களா?"

"நான் அன்னைக்கே சொன்னேன் சார், நடிக்கான்னு" என்றான் செல்வதுரை. மறுபடியும் சிரிப்பு. எதற்கென்று தெரியாமல், மரியாதைக்குப் பாஸ்கலும் கூடச் சிரித்தான். அதைத்தான் பிளாரன்சால் தாங்க முடியவில்லை.

கடல் தாண்டிப் போய்ப் படித்த மூளைக்கு ஒரு பலகை புரியவில்லை. இந்தக் கூட்டத்துக்கு வாயால் சொன்னால் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "நான் ஒரு பரீட்சை வைக்கேன், பாருங்க" என்று பாஸ்கலைக் கையசைத்துக் கீழே வரவழைத்தாள். சிமெண்டுத் தரையில் எல்லோரையும் பார்த்த மாதிரி அவனை நிற்க வைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

என்ன சொல்வது? திட்டினால் தடித்த தோல் என்பார்கள். பாம்பு என்று கத்தினால் சொல்லிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பார்கள். எந்த ஆம்பளையும் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க முடியாத ஒன்றாக இருக்க வேண்டும். இவர்கள் நம்புகிற மாதிரியும் இருக்க வேண்டும். ஒரு பொம்பளையைப் பற்றி இவர்கள் உடனே நம்பக்கூடியது எது என்று அவளுக்கா தெரியாது? வாய்விட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நம்ம மரியசெல்வி ஒங்களுக்குப் பொறந்தவ இல்ல. நீங்க ஆலந்தலையில தங்கியிருந்த மாசம், வேற ஒருத்தனால வந்த புள்ள."

பச்சைப் பொய். ஆறு வயசு மரியசெல்வி அப்பனை உரித்து வைத்தவள்.

முப்பது பேரும் பாஸ்கலின் முகத்தையே பார்த்தார்கள். அவன் முன்வரிசை மேஜையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, காது கேளாதவர்களுக்கே உரிய அந்த உரத்த குரலில், திரும்பாமலே கேட்டான்.

"ஏளா, இந்த பிஸ்கட்டுல ரெண்டு நம்ம புள்ளைக்கு எடுத்துக்கிடலாமான்னு ஐயாட்டக் கேளேன்."

ஜெயசிங் தொண்டையைச் செருமினார். தம் கையேட்டைப் புரட்டினார். வயது வந்தபின் காது போனவர்கள் நன்றாகவே பேசுவார்கள் என்று பதினான்காம் பக்கத்தில் அச்சாகியே இருந்தது. அதைத் தாமே கண்டுபிடித்தவர் போல உரக்க வாசித்தார். முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பாஸ்கல் கேட்டான். "அப்டி என்ன சொன்ன? எல்லாவனும் வாயப் பொளந்துட்டு இருந்தான்." அவள் அவன் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, "ஒங்க பேரச் சொல்லிக் கூப்ட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாஸ்கல் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"கிளாஸு நல்ல வேலை செஞ்சிருக்குளா. செல்வதுரை இப்பம் பின்னால நின்னு கத்தல. முன்னால வந்து கையக் காட்டித்தான் நிப்பாட்டுதான். தோள்ல வேற தட்டுதான். கூட நின்னவனுவளும் என்னப் பாத்து ஒரே சிரிப்பு. புள்ள எப்டி இருக்கா, யாரு சாயல்னு சைகையில கேக்கானுவ. என் சாயல்தான்னு சொன்னேன். அதுக்கு இன்னும் சிரிக்கானுவ. நல்ல பயலுவதான், நாமதான் தப்பா நெனச்சிட்டோம்."

பிளாரன்சுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாளைக்கும் கேட்பார்கள், நாளை மறுநாளும் கேட்பார்கள், இவன் ஒவ்வொரு நாளும் பெருமையாகப் பதில் சொல்லுவான். அவள் அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். எலும்பு முழுசாக இருந்தது.