நனைந்த மாவின் மேல்

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை, மாவு ஆலையின் மூன்றாம் தொட்டிக்குள் ஃபிட்டர் விழுந்தார்.

தொட்டி நாலைந்து ஆள் உயரம். கீழ்வாய் வழியே மாவு பிடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வரத்து நின்றது. மேல்மூடியைத் திறந்தால் முக்கால் தொட்டிக்கு மாவு. என்ன அடைப்பு என்று பார்க்க இறங்கியவரின் காலடியில் ஏணிப்படி கழன்றது. மல்லாந்து விழுந்தார். மாவு அவரை விழுங்கவில்லை.

எட்டிப் பார்த்தவன் அவருடைய மனைவியின் தம்பி. கீழ்வாயைத் திறந்து மூடும் ஆபரேட்டர் அவன்தான்.

"மாமா! அடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்லடா. தரை மாதிரி கெட்டியா இருக்கு. இரு, எழுந்து வரேன்."

"அய்யோ, எழுந்திரிக்காதீங்க! மேல் ஏடு மட்டும்தான் கெட்டி. இவ்வளவு நேரம் மாவு பிடிச்சேன், மட்டம் ஒரு விரக்கடைகூட இறங்கல. கீழ பூரா காலி."

ஃபிட்டர் அதற்குப் பின் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

கூரை இணைப்பில் மழைநீர் கசிந்திருந்தது. உலர்ந்த மாவு வழுக்கி ஓடும். ஆள் விழுந்தால் மூடிக்கொள்ளும். லேசாக ஈரம் பட்டால், துகளுக்கும் துகளுக்கும் நடுவே நீர் நின்று இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிய மேல்மாவு பாலமாக நிற்க, அடிமாவு மட்டும் வடிந்துபோயிருந்தது.

மச்சினன் கயிற்றை வீசினான். "படுத்தபடியே அக்குளுக்குக் கீழ சுத்தி முடிச்சுப் போடுங்க. வயித்த எக்குங்க."

"உங்கக்கா சமையல்ல வளர்ந்த வயிறுடா. எங்க எக்குறது?"

"பேச்சக் குறைங்க மாமா. முடிச்சு!"

கயிறு இறுகும்போது சுவரோரம் ஒரு விரிசல் ஓடியது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களும் அவனுமாக நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவர் கால் மேலெழுந்ததுதான் தாமதம், பாலம் மொத்தமாக உள்ளே சரிந்தது. மூடி வழியே மாவுத் தூசி பொங்கியது. அதற்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது, பிறகு தலை.

மச்சினன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"கசிவை அடைங்கன்னு போன வாரமே உங்ககிட்ட சொன்னாங்கல்ல?"

"நல்லவேளை அடைக்கல. அடைச்சிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்."

"அடைச்சிருந்தா நீங்க உள்ள இறங்கியே இருக்க வேணாம்!"

ஃபிட்டர் யோசித்துப் பார்த்தார். சிரித்தார்; மறுபடி இருமல் வந்தது.

மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் பழுதில்லை. மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.