பதினோரு படி

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அலோய்ஸ் தன் மனைவிக்குக் கொடுத்த பரிசுகளிலேயே நல்ல பரிசு அந்த அட்டைதான். ரோஸ்வித்தாவுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததும் அதனால்தான். மட்டமான பரிசாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

தெற்கு ஜெர்மனியில் எங்கள் ரோசன்ஹைம் பக்கத்து ஆண்களுக்குப் பெண்டாட்டிக்கு என்ன வாங்குவதென்று தெரியாவிட்டால், கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டையை எடுத்துக் கையாலேயே கூப்பன் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வெளியே போய்ச் சாப்பிட ஒரு கூப்பன், கால் பிடித்துவிட ஒரு கூப்பன். வாங்கியவள் அதை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவாள். எழுதியவன் அதற்கும் முன்னால் மறந்திருப்பான். ஆனால் அலோய்ஸ் எழுதியது வேறு மாதிரி. நீலப் பென்சிலால் ஒரு பாய்மரப் படகு வரைந்து, அதன் கீழே தன் குண்டுக் கையெழுத்தில், "ரோசிக்கு. கார்தா ஏரியில் ஒரு விடுமுறை. ஊர், ஹோட்டல், ரூம் எல்லாம் உன் இஷ்டம்" என்று எழுதியிருந்தான். அவள் மூன்று தடவை படித்தாள். அப்போதுதான் முட்டி ஆபரேஷன் முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அவனைக் கட்டிக்கொள்ள முடியவில்லை, அவனையே கிட்டே வரச் சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

இருபத்துநாலு வருஷமாக, மே, ஜூன் வாக்கில் பெந்தெகொஸ்தே லீவு விட்டால் அவர்கள் போவது இத்தாலியில் அந்த ஏரியின் கிழக்குக் கரையில், பார்தோலினோவில் இருக்கும் ஹோட்டல் பெல்லினாவுக்குத்தான். ஏரிக்கரையிலிருந்து அறுபத்திரண்டு படி ஏற வேண்டும். ரூம் பதினாலு. முதல் வருஷம் அது ஒன்றுதான் காலியாக இருந்தது. இரண்டாம் வருஷம் போனபோது ஹோட்டல்காரம்மா, "உங்க ரூமை உங்களுக்காகவே வச்சிருக்கேன்" என்று சாவியை நீட்டினாள். அலோய்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினாலின் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடத்தின் சுவர். குளியலறை முக்காலிமேல் ஏறி நின்றால் நகக்கண் அளவுக்கு ஏரி தெரியும். ஏரியைப் பார்க்க நானூறு கிலோமீட்டர் போய் முக்காலிமேல் நின்ற பெண்பிள்ளை எங்கள் ஊரில் ரோஸ்வித்தா ஒருத்திதான்.

ஆகவே ஜனவரி முழுக்க அவள் சமையலறை மேஜையில் ஏரியின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் பேக்கரியில் நின்றுகொண்டே ரொட்டி விற்றவள், அவசரப்படாமல் ஒவ்வொரு ஊராகப் பார்த்தாள். வடக்கே ரீவாவில் ஓயாத காற்று. லிமோனே பார்க்க அழகு, ஆனால் ஊரே ஏணி. சிர்மியோனேயில் நடக்கவே இடமில்லை. சாலோ பிடித்தது, ஆனால் அவள் பார்த்த ஹோட்டல் பஸ் போகும் சாலைமேல் இருந்தது. போன் போட்ட இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "ரூம்லேருந்து தண்ணிக்கு எத்தனை படி?" ஒருத்தன் "ரெண்டு மூணுதான் மேடம்" என்றான். மறுநாள் அங்கேயே வேறு பெயரில் கூப்பிட்டுக் கேட்டாள். நாற்பத்தொன்று.

பிப்ரவரியில்தான் கிடைத்தது, மேற்குக் கரையில் கார்ன்யானோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே பன்னிரண்டு ரூம் ஹோட்டல் ஒன்று. அதை நடத்தும் ஓர்னெல்லா, கேள்வியைக் கேட்டதும் போனைக் காதில் வைத்தபடியே மேலே போய் ஏழாம் நம்பர் ரூம் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. "பதினோரு படி. கைப்பிடி இருக்கு. அப்புறம் தண்ணியில இறங்க இரும்பு ஏணி. அது வழுக்கும், பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். ரோஸ்வித்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவு சூப் ஊற்றும்போது அலோய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லாருக்கே. பாக்கலாம்" என்றான் அவன்.

மார்ச்சில் கடிதம் வந்தது. கார்ன்யானோவிலிருந்து இல்லை, பெல்லினாவிலிருந்து. வழக்கம்போல ரூம் பதினாலு உறுதி செய்யப்பட்டுள்ளது. மேலும், அன்புள்ள தம்பதியர் இருபத்தைந்தாவது முறையாக வருவதால், புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஊர்க்காரர்கள் சார்பில் சான்றிதழும் கோட்டில் குத்தும் வெள்ளிப் பின்னும் வழங்கிக் கௌரவிக்கப்படுவார்கள்.

அலோய்ஸ் கடையிலிருந்து வரும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றாள்.

"இது என்ன?"

"எது?"

"கண்ணாடியைப் போட்டுக்கோ. சத்தமாப் படி."

படித்தான். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது.

"இதை எப்ப புக் பண்ணே?"

"போன ஜூன்லயே. கிளம்பும்போது பண்றதுதானே. நீ கார்ல பெட்டி ஏத்திட்டிருந்தே."

"ஜூன்ல ரூம் போட்டுட்டு டிசம்பர்ல எனக்குக் கூப்பன் எழுதினியா? படகு வேற வரைஞ்சு?"

"நீ எப்படியும் பெல்லினாவைத்தான் சொல்லுவேன்னு நெனச்சேன். வேற எதைச் சொல்லப்போறே? நமக்கு அங்கதானே எல்லாரையும் தெரியும்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை எரித்தது. பொய் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியாவது மிஞ்சியிருக்கும். இந்த மனுஷன் நிஜமாகவே, இருபத்துநாலு வருஷமாக அவள் அந்தச் சுவரை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நம்பியிருக்கிறான்.

"பிப்ரவரில கார்ன்யானோன்னு சொன்னேனே. அப்பவாவது வாயைத் திறக்கக் கூடாதா?"

"சூப் ஆறிட்டிருந்துச்சு."

"அலோய்ஸ்!" கொஞ்சும்போது அவள் அவனைக் கிழவா என்பாள். முழுப் பெயர் வந்தால் கோபம்.

"இருபத்தஞ்சாவது வருஷம்டி ரோசி. பின்னு குத்துவாங்க. அங்க வர்ற அந்த ஃபிட்ஸ்னருக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே குத்திட்டாங்க. காலைச் சாப்பாட்டுக்குக் கூட அதைக் குத்திட்டு வந்து உக்காந்திருந்தான், பாத்தேல்ல? இந்த ஒரு தடவை. கூப்பன் எங்க போயிடும்? அதுல காலாவதித் தேதியா போட்டிருக்கு? அடுத்த வருஷம் எடுத்துக்கோ."

அவள் தட்டை வீசவில்லை. வீசினால் அவளேதான் கூட்ட வேண்டும். மியூனிக்கில் இருக்கும் மகள் கரீனாவுக்குப் போன் போட்டாள். மகளும் அப்பன் கட்சிதான். "அப்பாவுக்கு ஆசை, ஒரு பின்னுதானேம்மா. ஒரு வருஷம் விட்டுக்குடேன்."

"இருபத்துநாலு வருஷம் விட்டுக்குடுத்தேனே, அதுக்கு எனக்கு யாருடி பின்னு குத்தினா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு ஓர்னெல்லாவைக் கூப்பிட்டாள். ஏழாம் நம்பர், ஒரு வாரம், ஒரு ஆள்.

அதை அலோய்ஸிடம் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. "நான் கார்ன்யானோ போறேன்" என்று நேராகச் சொன்னாள். அவன் சிரித்தான். ஏப்ரலிலும் சிரித்தான். மே மாதம் விடியற்காலையில் இரண்டு பேர் பெட்டியையும் காரில் ஏற்றும்போதும் விசில் அடித்துக்கொண்டிருந்தான். பிரென்னர் கணவாயில் வண்டியை நிறுத்தி வழக்கம்போல் வறுத்த இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றார்கள். அஃபியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும்தான் அவள் பேசினாள்.

"நேரா தோர்ரிக்குப் போ. படகுத்துறையில என்னை இறக்கிவிடு."

"விளையாடாதே ரோசி."

"நான் எப்ப விளையாடினேன்? மினி கோல்ஃப் நீ விளையாடுவே, நான் பக்கத்துல நின்னு ஸ்கோர் எழுதுவேன்."

"அங்க கேப்பாங்களே. நான் என்ன சொல்றது?"

"செத்துட்டேன்னு சொல்லு. பூச்செண்டும் சேத்துக் குடுப்பாங்க."

துறையில் அவளுடைய பெட்டியை இறக்கும்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு காணாமல் போனது. படகு நகர்ந்த பிறகும் காருக்குப் பக்கத்திலேயே நின்றான். அவள் கை காட்டவில்லை.

அக்கரையில் மதேர்னோவில் இறங்கி, பஸ் பிடித்து, கார்ன்யானோ போய்ச் சேர்ந்தாள். படியை எண்ணினாள். பதினொன்றுதான். பெட்டியைக்கூடத் திறக்காமல் நீச்சலுடை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். ஏணி வழுக்கியது. தண்ணீர் சில்லென்று கழுத்துவரை வந்தது. நீந்தினால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. இத்தனை சுலபமாக இருந்ததா இது? ஒரு படகு, ஒரு பஸ். இதற்கா இத்தனை வருஷம்? அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. தண்ணீரில் மிதந்தபடி தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"சாயந்திரம் ஆறு மணிக்கு. சான்றிதழ்ல நம்ம ரெண்டு பேர் பேரும் அச்சடிச்சிட்டாங்க, ரோசி."

"ஒரு பேரை அடிச்சிடச் சொல்லு."

வியாழக்கிழமை அவனே வந்தான். கோட்டில் பின் குத்தியிருந்தான், இலை வடிவத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. இன்னொன்றை டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. ஓர்னெல்லா அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு, பொரித்த ஏரி மீன் கொண்டுவந்தாள். அவன் தின்றான். எதிரே மலை, மலைக்குக் கீழே காலடிவரை தண்ணீர். வெகுநேரம் பார்த்தான்.

"ஃபிட்ஸ்னர் என்ன சொன்னான்?" என்று அவளேதான் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. எல்லாரும் ஜோடி ஜோடியா போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நான் ஹோட்டல்காரம்மாவோட நின்னேன்." தொண்டையைச் செருமினான். "இவ்வளவு நாளா நீ ஏன் சொல்லலை?"

"சொன்னேன். கரீனா பள்ளிக்கூடம் முடிச்ச வருஷம் சொன்னேன். முட்டி முதல்ல வீங்கின வருஷம் சொன்னேன். நம்ம ரூம் இருக்கறப்ப வேற எதுக்குன்னே. மினி கோல்ஃப் மட்டையைத் துடைச்சிட்டிருந்தே."

அவன் அவள் கைமேல் கை வைத்தான். "தப்புதான்" என்றான். முப்பத்தாறு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் அவன் வாயிலிருந்து இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறாள். உள்ளே ஏதோ தளர்ந்தது. பாவம் கிழவன் என்று தோன்றியது. டப்பாவைத் திறந்து பார்க்கக்கூட விரல் போனது.

"கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்தான். கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"முடிச்சிட்டேன்! அடுத்த வருஷம் நாம இங்கதான். இனிமே வருஷா வருஷம் நமக்குன்னே ஒரு ரூமை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். ரெண்டாம் நம்பர், தரைத்தளம், பின்பக்கம். படியே கிடையாது ரோசி! உன் முட்டிக்காகத்தான் பாத்துப் பாத்துப் போட்டேன்."

"பின்பக்கம்னா? ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"ஜன்னலா? அது... ஏதோ எலுமிச்சைத் தோட்டத்துச் சுவர்னு சொன்னாங்க. ரூம்ல யார் உக்காந்திருக்கப்போறா? நீ ஒண்ணுக்கும் அலைய வேண்டாம், எல்லாம் நானே பேசிட்டேன்."

டப்பாப் பக்கம் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள். கத்தவேண்டும்போல் இருந்தது. இந்த மனுஷனுக்கு எந்தக் கரைக்கு வந்தாலும் அவளுக்காக ஒரு சுவரைத் தேடிப் பிடிக்கத் தெரியும். பாசத்தோடுதான் பிடிப்பான்.

எழுந்து உள்ளே போனாள். ஓர்னெல்லா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஏதோ புரிந்திருந்தது.

"ரெண்டாம் நம்பரை அடிச்சிடவா?"

"அடிச்சிடுங்க. அடுத்த வருஷம் அதே வாரம் ஏழாம் நம்பர். ஒரு ஆள். அப்படியே அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க."

மேஜைக்கு வந்து கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். பாய்மரப் படகு வரைந்த அட்டை, ஓரம் மடங்கியிருந்தது. திருப்பிப் போட்டு, நின்றுகொண்டே எழுதி, பின் டப்பாவை அதன்மேல் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். அலோய்ஸ் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அலோய்ஸுக்கு. கார்தா ஏரியில் ஒரு விடுமுறை. ஊர், ஹோட்டல், ரூம் எல்லாம் உன் இஷ்டம். ஒரு ஆளுக்கு மட்டும்."

இரண்டாவது தடவையும் படித்தான். "ரோசி, இது எந்த வருஷத்துக்கு? தேதி போடலையே."

"காலாவதி கிடையாது" என்றாள். நாற்காலியில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "எட்டு மணிக்குக் கடைசிப் படகு. இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."