மூன்று என்று எழுதினார்

கொளுத்துகிற வெயிலிலும் குடையோடு வருவதால், வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவருக்கு ஊர் வைத்த பெயர் குடைக்காரர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்றழுத்தமானியைப் பார்த்து, முள் காட்டுகிற எண்ணைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு பக்கத்தில் புயல். கடலுக்குள் ஒரு காற்றழுத்தத் தாழ்வு, கரையலாமா வளரலாமா என்று இரண்டு நாளாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மிகப் பக்கத்தில் இருந்த நிலையம் இவருடையதுதான்.

அன்று காலை பதினொரு மணிக்கு முள் ஏழு புள்ளி இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு சரிவை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. போன மாதமும் இதற்கு இப்படித்தான் கிறுக்குப் பிடித்தது; பழுது பார்க்கச் சொல்லி மூன்று கடிதம் போட்டும் மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கருவியைத் திட்டிவிட்டு, மூன்று என்று எழுதினார்.

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இது அனுபவசாலி செய்கிற தப்பு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் பேசாமல் ஏழு என்றே எழுதியிருப்பான்.

"மூணுதானா? அப்பாடா!" என்றார் போனில் தலைமை அலுவலகத்து மேடம். "அப்ப வலுக்கலை. படகுகளை நிறுத்த வேண்டாம்."

சிறிது நேரத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணே, இவர் கடலுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கார். போகலாமா?"

"தாராளமா போகச் சொல்லு."

குடைக்காரர் வீட்டு மாப்பிள்ளையே போகிறார் என்றால் மற்றவர்களுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பதினெட்டுப் படகுகள் அவர் பின்னாலேயே போயின.

இரண்டு மணிக்கு முள் இன்னும் ஒன்பது புள்ளி கீழே கிடந்தது. குடைக்காரர் பக்கத்திலிருந்த துறைமுக அலுவலகத்துக்கு ஓடி, அங்கே மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார். அதே எண். கருவி பாவம், காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கிருந்தே போன் செய்து நடந்ததைச் சொன்னார். மேடம் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "இப்ப காட்டறதை அப்படியே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்து நிமிடத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. துறைமுக அலுவலகத்தில் வயர்லெஸ் பார்க்கும் பெண் அதைப் படகுகளுக்கு வாசித்தாள்.

கடலிலிருந்து சிரிப்புத்தான் பதிலாக வந்தது. "இந்த மாசத்துல இது நாலாவது எச்சரிக்கைம்மா!"

அடுத்தது மாப்பிள்ளையின் குரல். "மச்சானே போகச் சொன்னார். இப்பதான் வலை போட்டிருக்கோம். இழுத்துட்டு மெதுவா வர்றோம்."

மெதுவாக வந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். சும்மா 'வாங்க' என்றால் யாரும் வலையை விட்டுவிட்டு வரவும் மாட்டார்கள். வேலை போகும், மானம் போகும். போகட்டும். குடைக்காரர் அந்தப் பெண்ணின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"மாப்பிள்ளை, நான்தான் பேசறேன். எல்லாரும் கேளுங்க. காலையில முள்ளு ஏழு இறங்கிச்சு. மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நான் மூணுன்னு எழுதிட்டேன். என் தப்பு. பெருசா வருது. வலையை அறுத்துவிட்டு வந்துடுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

மைக்கை இறக்கிவிட்டு இரைச்சலில் காதை வைத்தார்.

"எல்லாருக்கும் கேட்டுச்சில்ல?" என்றார் மாப்பிள்ளை. "அறுங்க."

நாலரை மணிக்குள் எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன, ஒன்றைத் தவிர. மற்றவர்கள் திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை கடைசியாக வந்தார். அதற்குள் காற்று ஆளைத் தள்ளத் தொடங்கியிருந்தது. கரையில் நின்ற தங்கை அண்ணன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நனைந்து ஊறிய மாப்பிள்ளை வெறுங்கையோடு இறங்கி நேராக அவரிடம் வந்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று குடைக்காரர் தலையைக் குனிந்து நின்றார்.

"அடுத்து எத்தனை மணிக்குப் பார்க்கணும்?"

"அஞ்சு மணிக்கு."

"அப்ப இங்க ஏன் நிக்கறீங்க? ஓடுங்க மச்சான். பிள்ளைகுட்டிகளை எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகணும்னு தெரியணும். நீங்க வந்து சொல்றவரைக்கும் நாங்க இங்கதான் நிப்போம்."

குடைக்காரர் அழுதுகொண்டே ஓடினார்.