இடைவேளைக்கு ஒரு காட்சி

பிளக் பாயின்ட் அந்தச் சுவரில்தான் இருந்தது. ஐஸ் பெட்டியை அங்கேதான் போட வேண்டும், வேறு பக்கம் போட்டால் வயர் எட்டாது என்று பெட்டியை இறக்கியவர் சொல்லிவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த கார்டுகளோ முழங்கால் உயரம்வரை இறங்கியிருந்தன. வசுமதி அவற்றை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகள். இரண்டாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் ஒரு காட்சிக்கு ஒரு வரி என்று ஜெகதீசன் எழுதி ஒட்டியிருந்தான். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக உரித்து, ஒன்றின் அடியில் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தவள், சுவரின் நடுவுக்கு வந்ததும் நின்றாள். அங்கே உரிப்பதற்கு எதுவுமில்லை. ஒரு கை அகலத்துக்கு வெறும் சுண்ணாம்பு. இடைவேளைக் காட்சிக்காக விட்ட இடம். அதில் என்ன வர வேண்டும் என்பது அவனுக்கும் தெரியவில்லை, ஒரு வருஷமாக அவன் சொல்லச் சொல்லக் கேட்ட அவளுக்கும் தெரியவில்லை.

“இன்னா அண்ணி, ஒண்ணு ஒண்ணா பிச்சிகினு கீற? ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி கெளம்பிடுச்சாம். மொத்தமா உருவு.”

சரோஜா, ஜெகதீசனின் தங்கை. அச்சரப்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். அழுது குரல் கட்டியிருந்தது.

“வரிசை கலைஞ்சிரும்” என்றாள் வசுமதி.

“கலைஞ்சா இன்னா? இனிமே யாரு…”

சரோஜா முடிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரின் அந்தக் கோடிக்குப் போய் அவளும் உரிக்க ஆரம்பித்தாள். வரிசையாகத்தான் உரித்தாள்.

டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவனின் வேலையில் பாதி, ஓட்டாமல் இருப்பது. மாமல்லபுரத்தில் ஆட்களை இறக்கிவிட்டால் அவர்கள் எல்லாக் கல்லையும் பார்த்துவிட்டு வரும்வரை பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டுக்காட்டில் படகு சுற்றிவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், சீட்டு ஆடுவார்கள். ஜெகதீசன் கதை யோசிப்பான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கேளம்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் சனிக்கிழமைதோறும் திரைக்கதை வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் ஐடி கம்பெனிக்காரர்கள். அங்கே படித்ததை எல்லாம் அன்று சாயங்காலமே வசுமதிக்கு நடத்துவான். “உனக்கு சொன்னாத்தான்மே எனக்கே புரிது” என்பான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

அப்படித்தான் இடைவேளை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால், பாப்கார்ன் விற்பதற்காக விடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். விஷயம் வேறு. நம் ஊர்ப் படம் நடுவில் ஒரு முறை நிற்கிறது. ஜனங்கள் எழுந்து வெளிச்சத்துக்குப் போகிறார்கள். டீ குடிக்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், வீட்டு ஞாபகம் வருகிறது. அவர்களைத் திரும்ப இருட்டுக்குள் இழுக்க, போகும்போதே மனசில் ஒரு கொக்கியை மாட்டி அனுப்ப வேண்டும். சண்டையோ வெடிகுண்டோ அந்த வேலையைச் செய்யாது. வகுப்பில் சொன்னதை ஜெகதீசன் அப்படியே சொல்லிக் காட்டுவான்: “அதே ஆளுங்க, அதே வூடு. ஆனா இன்டர்வெல்லுக்கு அப்பால பாக்கறவனுக்கு எல்லாமே வேற மாரி தெரியணும்.”

அவனுடைய கதை கோவளத்தில் நடந்தது. வலை பின்னுகிற ஒரு கிழவர். சின்ன மகன் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோகிறான். கிழவருக்கு நெஞ்சு பலவீனம் என்பதால் பெரிய மகன் அதை மறைத்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் படகுகளுக்குப் பின்னால் நின்று, போன் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தம்பி பேசுவதுபோல் அப்பாவிடம் பேசுகிறான். கடைசிக் காட்சியில் பெரியவன் சர்ச்சுக்குப் போகிறான். இறந்தவர்களுக்கான பூசையில் தம்பியின் பெயரை வாசிக்கிறார்கள். மாதாமாதம் அந்தப் பெயரைக் கொடுத்துவந்தவர் கிழவர்தான். அவருக்கு முதலிலிருந்தே தெரியும். முதன்முறை அந்த முடிவைக் கேட்டபோது வசுமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

நடுப்பகுதிதான் படுத்துவிட்டது. பெரியவன் மாட்டிக்கொள்வானா என்று முதல் பாதி முழுக்கப் பார்க்கிறோம். இரண்டாம் பாதியிலும் அதையேதான் பார்க்கிறோம். ஜெகதீசன் புயல் வரவைத்துப் பார்த்தான். போலீஸ் வந்தது. போன் கழிமுகத்தில் விழுந்தது.

“டீ குடிக்கப் போவாங்க. அப்பிடியே பஸ் புடிச்சி வூட்டுக்குப் போயிருவாங்க” என்பாள் வசுமதி.

“வாயில நல்ல வார்த்தையே வராதாமே உனக்கு?”

“நல்லா கீற கதைய சொல்லு, வரும். வாடகை வூட்டு செவுத்துல டேப்ப ஒட்டி ஒட்டி சுண்ணாம்பெல்லாம் பேத்து வெச்சிருக்க. வூட்டுக்காரரு வந்தா உன்னதான் இட்டுகினு போயி நிறுத்துவேன்.”

ஐப்பசியில் வயிற்றுவலி என்று போனார்கள். டாக்டர் வசுமதியையும் ஜெகதீசனின் அண்ணன் வாசுதேவனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார். வெளியே வரும் வழியிலேயே வாசுதேவன் முடிவெடுத்துவிட்டார். “அல்சர்னு சொல்லிருவோம். தெரிஞ்சா இன்னிக்கே செத்துருவான்.” எல்லா வீட்டிலும் செய்வதுதான். வசுமதியும் தலையாட்டினாள்.

ஒரு பொய்யை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற நிறைய வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரி ஃபைல் அச்சரப்பாக்கத்துக்குப் போய் சரோஜாவின் புடவைகளுக்கு அடியில் படுத்தது. மாத்திரைகளை அல்சர் மருந்து டப்பாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பார்க்க வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி, உள்ளே வந்து அழக் கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அழுகையை அடக்க முடியாதவர்களுக்கு வெளியிலேயே டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அவன் கேட்டதற்கெல்லாம் சரி என்றாள். டேப் தீர்ந்தபோது அவளே கடைக்குப் போய் வாங்கிவந்தாள்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் கேட்டான். “நல்லாயிடும்ல வசு?”

“ஆயிடும். அடுத்த மாசம் வண்டி எடுத்துருவ.”

“செரி” என்று கண்ணை மூடிக்கொண்டான். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

அதிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது அதுதான். நம்பிக்கொண்டு போயிருந்தால் அவனை ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள். நம்பாமல் போயிருந்தால், கூடவே உட்கார்ந்திருந்தும் அவனைத் தனியாக விட்டிருக்கிறாள். இரண்டில் எது என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

உடல் வந்தது. பெட்டிக்குள் வைத்தார்கள், சுவிட்சைப் போட்டார்கள். தலைமாட்டில் விளக்கு, படியில் அரிசி. ஷாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. மாலைகளில் ஒட்டியிருந்த ஈரம் பெட்டியின் கண்ணாடியில் வழிந்து, அவன் முகத்தைச் சற்று நேரத்துக்கு ஒருமுறை துடைத்துத்தான் பார்க்க முடிந்தது. வசுமதி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பத்து மணி வாக்கில் பிரபா ஃபிளெக்ஸ் பேனரோடு வந்தான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் கடை வைத்திருப்பவன், ஜெகதீசனோடு சுற்றியவன். வாசலில் இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டி விரித்தான். வாசுதேவன் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“இன்னாடா இது? நான் அனுப்பின போட்டோ இல்லியே?”

சத்தம் கேட்டு வசுமதி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே ஜெகதீசன் சிரித்துக்கொண்டிருந்தான். வேன் படிக்கட்டில் உட்கார்ந்து, கையில் டீ கிளாஸோடு, பொங்கலுக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையில். பின்னால் சவுக்குத் தோப்பு. கீழ் ஓரத்தில், போனைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண்ணின் நிழல்.

அது அவளுடைய நிழல். பொங்கல் கழிந்த வாரம், வேனில் ஆளே ஏற்றாமல் அவளை மட்டும் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனான். சுண்டல் வாங்கிக் கொடுத்தான். “படம் வந்தா பேப்பர்காரன் போட்டோ கேப்பான்மே. இப்பவே ஒண்ணு புடிச்சு வெச்சிக்கலாம்” என்று தன் போனை நீட்டினான். முகம் நன்றாக வரட்டும் என்று இரண்டு முறை எடுக்கச் சொன்னான்.

“பிரபா, இந்தப் போட்டோ உனக்கு யார் குடுத்தா?”

“வுடுங்கண்ணி. அத்த அப்பால பேசலாம்.”

“யார் குடுத்தா?”

பிரபா கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் போட்டான். “அண்ணாத்ததான். தை மாசக் கடைசில கடைக்கு வந்தாரு. ‘எங்கண்ணன் லைசென்ஸ் போட்டோவத்தான் அனுப்புவான், அதுல திருடன் மாரி கீறேன், அத்த போட்டு மானத்த வாங்கிராத’ன்னாரு. இன்னா பேச்சு இது அண்ணாத்தன்னு கத்துனேன். இந்த நெழல எடுத்துரட்டுமான்னு கேட்டேன். அது கெடக்கட்டும்னாரு.”

“அவருக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல அண்ணி.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “‘வசு என்ன திட்றத நிறுத்திட்டாடா. அதுக்கு மேல டாக்டர் வேற சொல்லணுமா’ன்னாரு. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. ‘கஷ்டப்பட்டு நடிச்சிகினு கீறா, கெடுத்துராத’ன்னாரு.”

வாசுதேவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வசுமதி உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். சரோஜா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். வசுமதிக்கு அழுகை வரவில்லை. அவள் தை மாசத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

மருந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்து “இந்த அல்சர் மாத்திர நல்லா கேக்குது” என்று அவன் சொன்னது. ஃபைலைக் காணோமே என்று அவனே ஒரு நாள் கேட்டுவிட்டு, அவள் திணறுவதைப் பார்த்ததும், “ஆஸ்பத்திரிலயே வெச்சிகினு இருப்பானுங்க” என்று அவனே பதிலும் சொன்னது. தெருமுனையில் அவள் யாரையாவது நிறுத்திப் பேசும் நேரங்களிலெல்லாம் உள்ளே டிவி சத்தமாக ஓடியது. ஒன்றும் மாறவில்லை. அதே வீடு, அதே பேச்சு. ஆனால் ஒவ்வொன்றையும் இப்போது இன்னொரு முறை பார்க்க வேண்டியிருந்தது. நேற்றைக்கு வந்தபோது அவள் நின்றுவிட்டாள். ‘நல்லாயிடும்ல வசு?’ பதில் தெரிந்த ஒருவன் கேட்டது. அவள் சொல்ல வேண்டிய வசனத்தை அவள் சொல்வதற்காக, மூச்சு வாங்க வாங்க எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

கண்ணாடியில் வழிந்த ஈரத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொள்ளும்படி ஆயிற்று.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேளமும் வெடியும் தெருமுனை தாண்டி மெல்ல மெல்லத் தேய்ந்தன. ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வசுமதியைக் குளிக்க வைத்தார்கள். ஈரத் தலையோடு பின்கட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் ஹரிப்ரியா காபி கொண்டுவந்து கொடுத்தாள். சிறுசேரியில் ஐடி வேலை, ஜெகதீசனோடு அதே வகுப்பில் படித்தவள். காலையிலிருந்து ஒரு மூலையில் நின்று, மாலையை வாங்கிவைப்பதும் கிளாஸ் கழுவுவதுமாக இருந்தாள்.

“கொஞ்சமாவது குடிங்கக்கா.”

வசுமதி வாங்கிக்கொண்டாள்.

“இப்போ கேக்கக் கூடாதுதான்” என்று ஹரிப்ரியா தயங்கினாள். “இந்த சனிக்கிழமை கிளாஸ்ல அவர்தான் கதை சொல்ல வேண்டியது. நீங்க சரின்னா அவருக்குப் பதிலா நான் சொல்றேன். கதை எனக்கு முழுசாத் தெரியும். அந்த இன்டர்வெல் மட்டும் என்ன பண்ணினார்னு தெரியலை.”

“அவரு ஒண்ணும் பண்ணல.”

“பரவால்லக்கா. அது இல்லாமலே சொல்லிடறேன்.”

“அது இல்லாம சொன்னா எழுந்து போயிருவாங்க.” வசுமதி காபியைக் கீழே வைத்தாள். “கெழவனுக்குத் தெரியும்ங்கறத கடைசி வரைக்கும் ஒளிச்சு வெச்சோம் பாரு. அங்கதான் தப்பு பண்ணிட்டோம்.”

“அதுதானேக்கா ட்விஸ்ட்டு? முன்னாடியே சொல்லிட்டா செகண்ட் ஹாஃப்ல என்ன இருக்கும்?”

“எல்லாம் கீற சீன்தான். பெரியவன் துண்ட போட்டுகினு பேசறான், கெழவன் கேக்கறான். ஆனா ரெண்டு பேருமே நடிக்கறாங்கன்னு தெரிஞ்சிகினு பாப்பாங்க. ஒருத்தரும் எழுந்து போவ மாட்டாங்க.”

ஹரிப்ரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, “அப்போ இன்டர்வெல்ல என்னக்கா வரும்?” என்றாள்.

“புதுசா எதுவும் எழுத வேணாம். கடைசி சர்ச் சீன தூக்கி நடுவுல வெச்சிரு. செத்தவங்க பூசைக்கு கெழவன் சின்னவன் பேர குடுக்கறான். அது பாக்கறவங்களுக்கு மட்டும் தெரியணும், பெரியவனுக்குத் தெரியக் கூடாது. அங்கேர்ந்து வூட்டுக்கு வந்து வலைய எடுத்து மடியில போடறான். போன் அடிக்கிது. எடுத்து, ‘சொல்றா சின்னவனே, சாப்ட்டியா’ன்னு கேக்கறான். அங்க வுடணும் இன்டர்வெல்.”